புற்றும் புழக்கடையும்

எங்கள் வீட்டில் காளான் குழம்பு என்றால் அது ஆயா வைத்தது. ஆயா இறந்து பல வருடங்கள் ஆன பிறகும் உறவுக்காரர்கள் கூடினால் அந்தக் குழம்பைப் பற்றிய பேச்சு வரும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு மூன்றையும் அம்மியில் அரைத்தது, காளானைக் கத்தி படாமல் கையால் கிழித்துப் போட்டது, புளியைக் குறைவாகக் கரைத்தது என்று ஆளுக்கொரு நினைவு. பெண்களின் உணவு அறிவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நான் எழுதிய முதல் வரியும் அதிலிருந்து வந்ததுதான்: என் ஆயாவுக்குக் காளான் தெரியும்.

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆயாவுக்குக் காளானைச் சமைக்கத் தெரியும். எது உணவு, எது நஞ்சு, எந்தப் புற்றில் எந்த மழைக்கு முளைக்கும் என்று தெரிந்தவர் வேறொருவர். அவர் ஏரிக்கரை ஓரத்தில் குடியிருந்த இருளர் பெண். மழைக்கு மறுநாள் விடிந்ததும் முந்தானையில் முடிந்து எடுத்து வருவார். புழக்கடைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவார். ஆயா முறத்தை நீட்டுவார். காளான் முறத்தில் விழும். பதிலுக்கு அரிசியோ பழைய சோறோ போகும். அவர் ஆயாவைவிட மூத்தவர். ஆனாலும் ஆயா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், 'டீ' போட்டு. ஏழெட்டு வயதில் நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அது தவறென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மணவூர், சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தின நிலையம். காடு என்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஏரிகள், கரம்பு, முள்புதர், மேய்ச்சல் நிலம், சுடுகாட்டு ஓரம், அங்கங்கே ஆளுயரக் கரையான் புற்று. காளான் என்றதும் மலையையும் அடர்காட்டையும் நினைப்பவர்களுக்கு இந்த நிலம் வெறுமையாகத் தெரியலாம். ஆனால் தென்னிந்தியாவில் ஏழைகள் மிகவும் விரும்பிப் பறித்த காளான் புற்றிலிருந்துதான் வருகிறது.

அது வரும் விதம் இப்படி. கரையான்களில் ஒரு வகை, செத்த இலையையும் மரத்தையும் மென்று கொண்டுபோய்ப் புற்றுக்குள்ளே பஞ்சுபோன்ற அடுக்குகளாகக் கட்டி வைக்கும். அந்த அடுக்குகளில் ஒரு பூஞ்சையை வளர்த்து அதை உண்ணும். உழவைப் போன்ற வேலை. இடியோடு நல்ல மழை பெய்து மண் குளிர்ந்ததும் அந்தப் பூஞ்சை நீண்ட வேர்போன்ற தண்டை விட்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று 1942-இல் பெயரிட்டவர் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர். தென்னிந்தியாவில் வளரும் ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் விவரித்து, ஹைமின் பெயரையே அதற்கு இட்டார். சிப்பிக் காளானைப் போல இதை வைக்கோல் பையில் வளர்க்க முடியாது. கரையான் வேண்டும், புற்று வேண்டும், மழை வேண்டும், அது விரியும் காலையில் அங்கே போய்ச் சேர ஒரு ஆள் வேண்டும்.

இந்தத் தொடர்பு அறிவியலுக்கு முன்பே மொழிக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும். தெலுங்கில் காளானுக்குப் பெயர் புட்டகொடுகு. புட்ட என்றால் புற்று, கொடுகு என்றால் குடை. புற்றின் குடை. தமிழில் ஆகாத காளானை நாய்க்குடை என்கிறோம். இந்தியில் குகுர்முத்தா என்ற சொல்லிலும் நாய் வருகிறது, நாயின் சிறுநீரோடு சேர்ந்து. ஒரு பெயர் அது எங்கே முளைக்கிறது என்று சொல்கிறது. மற்ற பெயர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்கின்றன. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலம் ஆனபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எந்த ஊரில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று அப்போது கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்தார்கள். தமிழ் வீட்டுப் புழக்கடையில் நின்று புட்டகொடுகு என்று சொன்ன பெண்ணை எந்தப் பக்கத்தில் எண்ணுவது?

கணக்கு என்றதும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரிய கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன. அருகிலுள்ள பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததை ராஜேந்திர சோழன் காலத்தில் 31 ஏடுகளில் பொறித்து வைத்தார்கள். சோழர் காலக் கொடைச் செப்பேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தானமாகப் போகும் ஊரில் என்னென்ன அடங்கும் என்று நீளமாக அடுக்குவார்கள்: நன்செய், புன்செய், மனை, குளம், மேய்ச்சல் நிலம், காடு, களர், மீன் கிடக்கும் பள்ளம், தேன் கட்டும் பொந்து. அந்த வரிசையில் புற்றும் வரும். உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம்கூட விடுபடாது. இவ்வளவு கூர்மையாக நிலத்தைப் பார்த்தவர்கள் புற்றை உடைமையாக எண்ணினார்கள். புற்றின் மேல் மழைக்கு மறுநாள் யார் குனிந்தார் என்பது அந்தப் பட்டியலுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதே மண்ணைக் குனிந்து பார்த்த ஒரு பெண்ணின் எழுத்தும் நமக்குக் கிடைத்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியபோது அங்கே வளரும் செடிகளையும் மரங்களையும் பெயர் சொல்லிப் பாடினார்: காரை, சூரை, எட்டி, இலவம். இவற்றில் காரையும் சூரையும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புதரில் கைவிட்டுப் பறித்துத் தின்ற பழங்கள். எட்டி கொல்லும் கசப்பு. பக்தியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அவை, தின்னக்கூடியதும் கூடாததும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் ஒரு புதர்க்காட்டைப் பெயர் பெயராகத் தெரிந்த பெண்ணின் சான்று.

ஆனால் நம் இலக்கியத்தில் காளான் வரும் புகழ்பெற்ற இடங்கள் வேறு மாதிரி. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு அடுப்பைக் காட்டுகிறார். சமையலையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலில்லாத மார்பைக் குழந்தை சுவைத்துச் சுவைத்துத் தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் புலவரைப் பார்க்கிறாள். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வீட்டில் கரையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. கரையானும் காளானும் சேர்ந்தே வருவதைப் புலவர் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுக் கிணைமகள் பசியால் இடை ஒடுங்கியவள். குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேக வைக்கிறாள். விவரமறியாதவர்கள் பார்த்து ஏதாவது சொல்வார்களே என்று நாணிக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள்.

இந்தக் காட்சியை வறுமையின் உச்சம் என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். வறுமைதான். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது. வேறு எதுவும் இல்லாத நாளில் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அவளுடைய கண்ணும் நகமும். குப்பைமேட்டில் எது கீரை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவைத்தான் அவள் கதவைச் சாத்தி மறைக்க வேண்டியிருந்தது. வள்ளலைத் தேடிப் போகும் பாணனின் பாதை நமக்குப் பாட்டாகக் கிடைத்துவிட்டது. குப்பைமேட்டுக்குப் போன அவளுடைய பாதை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

கதவைச் சாத்த வைத்தது பசி மட்டுமல்ல. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளர் உண்ணக் கூடாதவற்றில் சேர்க்கிறது. தெரிந்தே உண்டால் சாதியிலிருந்து வீழ்வார் என்கிறது. எதை உண்கிறாய் என்பது நீ யார் என்பதைச் சொல்லிவிடும் சமூகத்தில், புதரிலிருந்து பொறுக்கி உண்பது கீழ் என்றாகிறது. எங்கள் வீடு காளான் சாப்பிடும் வீடுதான். ஆனாலும் பறிக்கப் போகாத வீடு. ஆயா வாழ்நாளில் ஒருமுறையும் புற்றண்டை போய்க் குனிந்ததில்லை. போனால் கௌரவக் குறைவு. பறிப்பவருக்கும் சமைப்பவருக்கும் நடுவே புழக்கடைக் கதவு இருந்தது. இருவரும் பெண்கள்.

பெண்ணிய வரலாற்றில் இந்த இடம் எனக்கு இடறுகிறது. 1966-இல் சிகாகோவில் மானிடவியலாளர்கள் கூடி, வேட்டையாடும் ஆணே மனித வரலாற்றின் நாயகன் என்ற எண்ணத்துக்கு வலுச்சேர்த்தார்கள். அதற்கு எழுபதுகளில் சாலி ஸ்லோகம் பதில் எழுதினார்: கிழங்கும் கொட்டையும் கீரையும் சேகரித்த பெண் எங்கே போனாள் என்று. தேவையான கேள்வி. ஆனால் மணவூரில் நின்று அதைக் கேட்டால் 'பெண்' என்று ஒருமையில் சொல்ல வாய் வரவில்லை. சேகரித்த பெண்ணை மறைத்தது ஆண்களின் வரலாறு மட்டுமல்ல. எங்கள் வீட்டுக் காளான் குழம்பின் கதையும்தான்.

மறைக்கும் வேலையை இங்கிலாந்திலும் பார்க்கலாம். முயல் கதைகளால் பின்னர் உலகறிந்த பீட்ரிக்ஸ் பாட்டர் காளான்களை நுணுக்கமாக வரைந்தவர். அவற்றின் வித்துகள் முளைப்பது பற்றி ஆராய்ந்தவர். 1897-இல் அவருடைய கட்டுரை லண்டன் லின்னேயன் கழகத்தில் முன்வைக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. அந்தக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லை, வேறொருவர்தான் முன்வைத்தார். நூறு ஆண்டு கழித்து அந்தக் கழகம் தன் தவறை ஒப்புக்கொண்டது. பாட்டர் வசதியானவர், எழுதத் தெரிந்தவர், ஓவியங்கள் மிஞ்சின. அதனால் ஒப்புக்கொள்ள ஒரு தவறு இருந்தது. முந்தானையில் முடிந்து வந்த அறிவுக்கு அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.

அவருக்குத் தெரிந்தவற்றில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். புற்றை ஒருபோதும் உடைக்க மாட்டார். "புத்த ஒடச்சா அடுத்த வருசம் எங்க வரும்?" என்பார். ஒரு புற்றில் இரண்டு மூன்றை விட்டுவிட்டுத்தான் பறிப்பார். பறித்ததும் தண்டின் அடியைப் பார்ப்பார், அது மண்ணுக்குள் நீண்டு இறங்கியிருக்கிறதா என்று. குடையின் நடுவில் கூராக இருக்கும் மேட்டைத் தடவுவார். கவிழ்த்து மடல்களின் நிறம் பார்ப்பார். முகர்வார். நான் ஒருநாள் தோட்டத்து ஓரத்தில் பெரிய வெள்ளைக் குடை ஒன்றைக் காட்டியபோது, கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்து, என் கையைக் கழுவச் சொன்னார். அதன் மடல்களில் பச்சை ஓடியிருந்தது. பச்சை மடல் காளான் நம் ஊர்ப் புல்வெளிகளிலும் வளரும். கடும் வாந்தி பேதியைத் தரும் நஞ்சு அது. புதிதாக விரிந்தபோது மடல் வெள்ளையாகவே இருக்கும் என்பதை நான் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆயாவிடம் வேறு சோதனைகள் இருந்தன: குழம்பில் வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், அரிசி போட்டால் நிறம் மாறும், பூச்சி தின்றது என்றால் மனிதரும் தின்னலாம். உலகம் முழுக்க இப்படிச் சொல்கிறார்கள், எல்லாமே பொய். மனிதரைக் கொல்லும் காளானைப் பூச்சி தின்னும். வெள்ளிக்காசு எதையும் காட்டாது. மிகக் கொடிய நஞ்சுள்ள அமனிட்டா வகைகளில் சமைத்தாலும் உலர்த்தினாலும் நஞ்சு போகாது. தின்று பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். அதற்குள் ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் பலர். இதைப் படித்துவிட்டு யாரும் புற்றுக்குப் புறப்பட வேண்டாம் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். கூடவே போய்ப் பல மழைக்காலம் பார்த்த கண்ணுக்கு மாற்றாக ஒரு கட்டுரை ஆகாது.

சமையலறைக்குள் வந்த பிறகுதான் ஆயாவின் அறிவு தொடங்கியது. அது சின்னதும் அல்ல. இந்தக் காளான் ஒரு நாள் தாங்காது. மதியத்துக்குள் விரிந்து, மாலைக்குள் புழு வைக்கும். ஆயா தண்டின் மண்ணைச் சீவி, மஞ்சள் நீரில் அலசி, கிழித்து, அன்றைக்கே குழம்பு வைப்பார். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் பிசறி முறத்தில் பரப்புவார். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது என்பதால் இரவில் அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிடுவார். புகையில் காய்ந்து சுருங்கிய துண்டுகள் தையில் கருவாட்டைப் போல மணக்கும். அதே புற்றிலிருந்து மழைக்குக் கிளம்பும் ஈசலையும் அந்த இருளர் பெண் கொண்டு வருவார். சிறகு உதிர்த்து வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து எங்களுக்குக் கிடைக்கும். இதுவும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஆயாவின் பலகாரம்தான்.

இன்று காளானுக்கு மரியாதை வந்துவிட்டது. 1974-இல் வங்காளத்திலிருந்து விவரிக்கப்பட்ட பால் காளானில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. மகளிர் குழுக்களுக்குக் காளான் வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். கல்யாண விருந்தில் காளான் பிரியாணி கௌரவமான பண்டம். நல்லதுதான், அந்த வருமானம் பல பெண்களின் கையில் சேர்கிறது. ஆனால் எல்லாப் பெண்களும் காளானைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த மாணவிகள் என்பதுபோல அந்தப் பயிற்சி தொடங்கும்போது, ஏற்கெனவே தெரிந்திருந்தவர் இன்னொருமுறை கதவுக்கு வெளியே நிற்கிறார். சட்டத்திலும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைத் தாவர மூலம் உடையவை என்று வரையறுத்து மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மூலிகை, கிழங்கு என்று பட்டியலிடுகிறது. காளான் அதில் பெயர் சொல்லப்படவில்லை. பூஞ்சை தாவரமும் அல்ல. எங்கள் ஊர்ப் புற்றுகளோ வனத்திலும் இல்லை, புறம்போக்கில் இருந்தன. இப்போது பல இடங்களில் மனைப்பிரிவின் எல்லைக்கல் நிற்கிறது. மஞ்சள் பூசிக் கும்பிட்ட புற்று தப்பியது. மற்றதை இயந்திரம் சமன் செய்துவிட்டது.

இந்தக் கட்டுரைக்காக அந்த இருளர் பெண்ணின் மகளைத் தேடிப் போனேன். அம்மா இறந்து வெகுநாள் ஆகிறது. மகளுக்கு என் வயது இருக்கும். காளான் பற்றி அம்மா என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன்.

"அம்மாக்கு எல்லாம் தெரியும்கா. எனக்கு எங்க? எட்டு வயசுலேர்ந்து ரைஸ்மில்லு. அப்பா வாங்கின முன்பணத்துக்கு எங்க எல்லாரையும் கூட்டிப் போயிட்டாங்க. மழ வந்துச்சின்னா களத்துல காயற நெல்லு நனையக் கூடாது. ராத்திரியானாலும் ஓடிப் போயி தார்ப்பாய் இழுக்கணும். மழ பேஞ்சா எனக்கு அதுதான் நெனப்பு வரும். காளான் எங்க பாக்கறது?"

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. அவர் ஆலைக்குப் போனது அதற்குப் பத்தாண்டு கழித்து. திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்ட செய்திகளை நாம் 2000-க்குப் பிறகும் படித்தபடியே இருந்தோம். மரபு அறிவு அழிகிறது என்று சொல்லும்போது ஏதோ தானாக மறந்துபோனதைப் போல ஒலிக்கிறது. இங்கே நடந்தது அதுவல்ல. தாய் மகளைக் கூட்டிக்கொண்டு புற்றுக்குப் போக வேண்டிய காலைகளை ஒரு கடன் எடுத்துக்கொண்டது. அந்தக் காலைகள் திரும்பாமல் ஆவணப்படுத்தல், செய்முறைப் புத்தகம், விழா எதுவும் இந்த அறிவை மீட்காது. வீட்டு மனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கூலியும் இல்லாமல் அந்தக் காலைகளும் வராது.

புறப்படும்போது அவருடைய அம்மாவின் முழுப் பெயரைக் கேட்டேன். இத்தனை வருடம் நாங்கள் கூப்பிட்டது எங்கள் வீட்டில் வைத்த சுருக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. எழுதிக்கொண்டேன். கட்டுரையில் போடலாமா என்று கேட்டதற்கு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வேணாங்கா. பேரப் பாத்துட்டு எவனாவது பழைய கணக்குன்னு வந்து நிப்பான்."

அதனால் இங்கே அவர் பெயர் இல்லை. என் நோட்டில் இருக்கிறது. அடுத்த முறை உறவுக்காரர்கள் கூடிக் குழம்பைப் பற்றிப் பேசும்போது, பறித்தவர் யார் என்று அந்த முழுப் பெயரோடு நான் சொல்லப் போகிறேன்.